நாலு பேருக்கு முன்னால்

பினாங்கில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ஒரு பீரங்கிக் கதை தெரிந்திருக்கும். 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் வந்து இறங்கியபோது கரையோரம் முழுக்கக் காடு. மரங்கள் இரும்பு மாதிரி இருந்தன. கோடரிதான் மழுங்கியது, காடு குறையவில்லை. கூலி கொடுத்தும் வேலை நகரவில்லை என்று பார்த்த லைட், ஒரு பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிரப்பிக் காட்டுக்குள் சுடச் சொன்னாராம். நாணயத்தைத் தேடிப் போனவர்கள் வெட்டிய வெட்டில்தான் இன்று கோட்டை நிற்கிற முனை வெட்டவெளியானதாம். இது நடந்த கதையோ, யாரோ கட்டிவிட்ட கதையோ, ஊர் தன் பிறப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான்.

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மனுசனுக்குக் காசு மேல் எவ்வளவு ஆசை பாருங்கள் என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர முடிந்ததே இல்லை. காட்டுக்குள் போனவர்கள் யார்? சிப்பாய்கள், கூலிகள், கடல் தாண்டி வந்த அன்றாடங்காய்ச்சிகள். அவன் கையில் ஒரு வெள்ளிக்காசு கிடைத்தால் என்ன செய்திருப்பான்? அடகில் இருக்கிற நிலத்தை நினைத்திருப்பான். கரை சேராமல் நிற்கிற தங்கச்சியை நினைத்திருப்பான். ஊருக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு திரும்பாமல் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நடப்பதை நினைத்திருப்பான். இதைப் பேராசை என்று சொல்ல, பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளால்தான் முடியும்.

முதலாளித்துவத்தைப் புகழ்கிறவர்களும் சரி, சபிக்கிறவர்களும் சரி, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: இது மனிதனின் பேராசையில் ஓடுகிறது என்கிறார்கள். புகழ்கிறவர் அந்தப் பேராசையால்தான் ஊர் வளர்கிறது என்பார். சபிக்கிறவர் அதனால்தான் ஊர் கெடுகிறது என்பார். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பிறை, பட்டர்வொர்த் ஊர்களில் எங்கள் சனங்கள் சம்பாதிப்பதையும் செலவழிப்பதையும் கடன்படுவதையும் ஓர் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இரண்டு பேர் பேச்சும் ஒட்டவில்லை. நான் பார்த்த வீடுகளில் பேராசைக்காரர்கள் மிகக் குறைவு. நான் பார்த்ததெல்லாம் வெட்கம். குறைந்துபோய்விடக் கூடாதே என்ற பதைப்பு. இந்த ஏற்பாட்டின் அடிவாரத்தில் இருக்கிற உணர்ச்சி மானம்தான் என்று நான் நம்புகிறேன். அந்த மானத்தைத்தான் யாரோ எடுத்துக் காசாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பொருளாதாரத்தின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்கிற ஆடம் ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். அவர் 1776-ல் எழுதிய பெரிய நூலில் இருந்து எல்லாரும் ஒரே இடத்தைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்: கசாப்புக்காரனும் ரொட்டிக்காரனும் நம் மேல் உள்ள இரக்கத்தால் நமக்குச் சாப்பாடு தருவதில்லை, தங்கள் நலனுக்காகத் தருகிறார்கள் என்ற இடம். ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1759-ல், மனித உணர்ச்சிகளைப் பற்றி மட்டும் அவர் ஒரு முழு நூல் எழுதினார். அதில் ஒரு கேள்வி கேட்கிறார். இந்த உலகத்தில் இத்தனை ஓட்டமும் உழைப்பும் எதற்கு? வயிற்றுக்கா? சாதாரணத் தொழிலாளியின் கூலியே வயிற்றுக்குப் போதுமே. அப்புறம் ஏன் ஓடுகிறோம்? அவர் சொல்லும் பதில்: பார்க்கப்படுவதற்காக. நாலு பேர் கவனிக்க வேண்டும், மதிக்க வேண்டும். பணக்காரன் தன் பணத்தில் மகிழ்வது அது உலகத்தின் கண்களைத் தன் பக்கம் திருப்புகிறது என்பதால்தான். ஏழை கூட்டத்துக்கு நடுவில் நின்றாலும் தன் குடிசைக்குள் அடைபட்டவன் மாதிரி யார் கண்ணிலும் படாமல் நிற்கிறான். அந்தப் படாமைதான் அவனைச் சுடுகிறது.

வாசித்தபோது திடுக்கென்றது. இல்லாதவனை எல்லாரும் இகழ்வார்கள், இருப்பவனை எல்லாரும் சிறப்பிப்பார்கள் என்று வள்ளுவர் நமக்கு எப்போதோ சொல்லிவைத்ததை, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வர்த்தகத்தின் விதையாக வைத்துப் பேசுகிறார்.

1776 நூலிலேயே இன்னோர் இடம் இருக்கிறது. அதை ஏனோ யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. அத்தியாவசியப் பொருள் என்றால் என்ன என்று விளக்க வரும்போது லினன் சட்டையைப் பற்றிச் சொல்கிறார். கிரேக்கரும் ரோமரும் லினன் இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். உயிர் வாழ அது தேவையே இல்லை. ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு நாள் கூலிக்காரன்கூட லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், அது இல்லாவிட்டால் ஏதோ பெரிய தப்பு செய்து அந்த நிலைக்கு விழுந்தவன் என்று ஊர் நினைக்கும், ஆகவே அந்தச் சட்டையும் அத்தியாவசியம்தான் என்று எழுதுகிறார். கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் கிழவிகள் சொன்னார்களே, அந்தக் கந்தைக்குக் காலம் மாற மாற விலை ஏறிக்கொண்டே போகிறது.

எங்கள் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், இன்றைய லினன் சட்டை என்னவென்று பார்க்க வேண்டுமென்றால் அடகுக்கடைக்குப் போக வேண்டும். எனக்கு நெருக்கமான ஓர் அக்கா, அவர் பெயர் வேண்டாம், துணைக்குக் கூப்பிட்டார் என்று ஒருமுறை போனேன். பழைய கடை. முகப்பு தலைக்கு மேல் உயரம். கொடுக்கிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும், வாங்குகிறவர் குனிந்து பார்ப்பார். கம்பிக்கு நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி. அக்கா கைக்குட்டையை அவிழ்த்துத் தாலிச் சங்கிலி இல்லாத மற்றதையெல்லாம் எடுத்து வைத்தார். ஒரு நெளி வளையல், ஒரு ஜோடி ஜிமிக்கி, அம்மா போட்ட அட்டிகை. உள்ளே இருந்தவர் கறுப்புக் கல்லில் ஒரு கோடு உரசினார், சொட்டு விட்டார், தராசில் போட்டார், எதுவும் பேசாமல் ஒரு எண்ணை மட்டும் சொன்னார். அக்கா தலையாட்டினார். சீட்டு வந்தது. வெளியே வரும் முன் தெருவில் தெரிந்தவர்கள் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டினார்.

எதற்கு? மகளின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு. நம் நாட்டுத் தமிழர் வீடுகளில் இது ஒரு சின்னக் கல்யாணம். மண்டபம், பின்திரை, பலூன் வளைவு, இரண்டு அடுக்கு கேக், வீடியோக்காரர், நானூறு பேருக்குப் பிரியாணி.

"சின்னதா வீட்லயே செய்யலாமேக்கா?" என்று கேட்டேன்.

"நானா ஆசைப்பட்டேன்? எத்தனை வீட்டுக்கு நாம போய்ச் சாப்பிட்டிருக்கோம். அவ கூடப் படிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் செஞ்சாங்க. என் பிள்ளைய மட்டும் யாரும் கொறைவா பார்த்திரக் கூடாது தங்கச்சி. அவ அப்பா இல்லாத பிள்ள."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடகுக்கடை மாதத்துக்கு 2 விழுக்காடு வட்டி வாங்கலாம், ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். கணக்குத் தெரிந்தவர்கள் வருசத்துக்கு 24 விழுக்காடு என்று பெருக்கிப் பார்த்து, "இதுங்களுக்குப் புத்தியே வராதா" என்பார்கள். அக்காவுக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. கேண்டீனில் முப்பது வருசம் கணக்குப் பார்த்தவர். அவர் தராசின் ஒரு தட்டில் வட்டி இருந்தது, மறு தட்டில் அப்பா இல்லாத பிள்ளை நாலு பேருக்கு முன்னால் நிற்கிற ஓர் இரவு இருந்தது. எது கனம் என்று அவர் தெரிந்தே முடிவு செய்தார்.

இதை நான் புகழவில்லை. இதில் மண்டபக்காரர் சம்பாதிக்கிறார், பலூன்காரர் சம்பாதிக்கிறார், வட்டிக்கடைக்காரர் சம்பாதிக்கிறார். அக்கா வீட்டில் அட்டிகை மூழ்கிப்போனது. 2023 இறுதியில் மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் நாட்டு உற்பத்தியில் 84 விழுக்காட்டைத் தொட்டு நின்றது. வீட்டுக்கடன், கார்க்கடன் எல்லாம் சேர்ந்த எண்தான் அது. அதற்குள் எத்தனை பங்கு வெட்கத்தின் பங்கு என்று எந்த வங்கியும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. இப்போது அடகுக்கடைப் படிகூட ஏற வேண்டாம். கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சப்பாத்து வீட்டுக்கு வந்துவிடும், காசு மூன்று தவணையில் போய்க்கொண்டிருக்கும். தெருவை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கடன் வாங்குகிற வெட்கத்தைத் துடைத்துவிட்டு, பொருள் இல்லாத வெட்கத்தை மட்டும் பத்திரமாக மிச்சம் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு.

எங்கள் வெட்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் மலாயாவில் முடிவுக்கு வந்தாலும், கங்காணி ஆள் சேர்ப்பது 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது. கங்காணி எப்படி ஆள் பிடித்தார்? துரையின் பெயரைச் சொல்லிப் பிடிக்கவில்லை. சொந்த ஊருக்குப் போய், மாமா, மச்சான், அண்ணன் என்று முறை சொல்லிப் பிடித்தார். கப்பலேறியவன் முதலாளியை நம்பி ஏறவில்லை, மாமனை நம்பி ஏறினான். அங்கே போனதும் அந்த மாமனுக்கு, தன் ஆட்கள் எத்தனை பேர் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார்கள் என்று தலை எண்ணிக் காசு. மருமகன் காய்ச்சலில் படுத்தால் மாமனுக்கு வருமானம் குறையும். பாசத்தை எடுத்து மேற்பார்வையாக மாற்றுவதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை. வழிச்செலவு முன்பணம் கடனாக நிற்கும். கடனோடு ஓடுவது மானக்கேடு. ஓடினால் மாமன் முகத்தில் எப்படி முழிப்பது? வேலி கட்ட வேண்டிய செலவே துரைக்கு இல்லாமல் போனது.

தோட்டத்துக்குள் இருந்தவரை எல்லாரும் லயம் என்கிற ஒரே வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரே சம்பளம், ஒரே கள்ளுக்கடை, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கீரை, ஒரு மாடு. கஷ்டம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கிற கஷ்டம் குறைவு. பிறகு தோட்டங்கள் கைமாறின, செம்பனையாயின, வீடமைப்புத் திட்டங்களாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்ததில் இருந்து தொழிற்சாலைப் பேருந்து விடியற்காலையில் வாசலுக்கே வந்தது. கீரைக்கும் காசு, தண்ணிக்கும் காசு. பள்ளிக்கூடத்தில், சந்தையில், வேலையிடத்தில் "தோட்டக்காட்டான்" என்ற ஒரு சொல் கூடவே வந்தது. நம்மவர்களே நம்மவர்களைச் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லைக் கழுவ வேண்டும் என்ற துடிப்பில்தான் ஒரு தலைமுறையே ஓவர்டைம் செய்தது. பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் அந்தத் துடிப்புதான், தகுதிக்கு மீறிக் கார் எடுத்ததும் அந்தத் துடிப்புதான். இரண்டையும் பிரித்து, ஒன்றை உழைப்பு என்றும் மற்றதை ஊதாரித்தனம் என்றும் பெயர் வைப்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஊற்று ஒன்று.

வெட்கம் மட்டும் இருந்தால் ஒரு கடைகூட நிற்காது. கூடவே நம்பிக்கையும் வேண்டும். பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி என்கிற கடைக்கூடம் வைத்து வட்டித் தொழில் செய்த காலத்தை யோசியுங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டியடிப் பையனாக வந்து, தரையில் உட்கார்ந்து, சில்லறை எண்ணிக் கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்துகிற ஏஜெண்டாக உயர்வான். முதலாளி கடலுக்கு அந்தப் பக்கம். மூன்று வருசக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போதுதான் முகம் பார்ப்பார். அதுவரை அவனைக் கட்டிப்போட்டது எது? கையெழுத்தைவிட, ஊரில் தன் குடும்பப் பெயர் கெடக் கூடாது என்ற பயம்தான். லாபத்தில் சாமிக்கும் ஒரு பங்கு, மகமை என்று தனியாக எடுத்து வைக்கப்படும். தண்டாயுதபாணியும் கணக்குப் புத்தகத்தில் இருந்தார். 1894-ல் இருந்து தைப்பூசத்துக்கு ஓடுகிற வெள்ளி ரதம் அந்தக் கணக்கில் இருந்து வந்ததுதான்.

ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905-ல் எழுதிய கட்டுரைகளில் முதலாளித்துவத்தின் மனநிலைக்கு வேர் தேடிக் கால்வினியக் கிறிஸ்தவர்களிடம் போனார். தனக்கு மோட்சம் உண்டா இல்லையா என்று தெரியாத தவிப்பில் அவர்கள் ஓயாமல் உழைத்தார்கள், சம்பாதித்ததை அனுபவிக்காமல் சேர்த்தார்கள், தொழிலில் கிடைத்த வெற்றியைக் கடவுள் காட்டிய அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்றார். அவர் பினாங்குத் தெருக் கிட்டங்கியில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் தன் பட்டியலில் இன்னொரு வேரைச் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். செட்டியாரிடம் கடன்பட்டுச் சொத்து இழந்தவர்களின் கதையும் இந்த மண்ணில் உண்டு. அதை மறைத்துப் பேசவில்லை. அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த நம்பிக்கையின் கட்டுமானத்தைத்தான் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவிடமும் அப்படி ஒரு கட்டுமானம் இருந்தது. கூட்டு. லயத்துப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) போடுவார்கள், மாதம் ஒருவர் மொத்தமாக எடுப்பார். அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார். கட்டியவர்களுக்குச் சிவப்பு மசியில் ஒரு சரி. யார் எந்த மாதம் என்பது முதலிலேயே சீட்டுக் குலுக்கி முடிவாகிவிடும். ஒரு தடவை, வரிசையில் கடைசியாக இருந்த ஒருவரின் புருசன் திடீரென்று இறந்துபோனார். அன்று சாயங்காலமே எல்லாரும் கூடி, அந்த மாதம் எடுக்க வேண்டியவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார். நோட்டில் இரண்டு பெயருக்கு நடுவில் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான் பத்திரம். 1971-லேயே நாடாளுமன்றம் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. ஏமாற்றுக்காரர்கள் நுழைந்ததால் அந்தச் சட்டம் தேவைப்பட்டது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நோட்டில் இருந்ததைப் போல ஒன்றை எந்த வங்கியிலும் நான் பார்க்கவில்லை.

அதே நம்பிக்கையைப் பெரிய அளவில் திரட்டிக் காட்டியவர் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய நேரம். தோட்டம் துண்டானால் லயம் போகும், வேலை போகும். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிக்கு ஒரு பங்கு எடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டுகிறவனுக்கு அன்று 10 வெள்ளி சின்னக் காசில்லை. கொடுத்தார்கள். லாபத்துக்காக மட்டும் கொடுத்திருந்தால் இத்தனை பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள். வெட்டுகிற மரம் தனக்கும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த நிமிர்வுக்காகக் கொடுத்தார்கள். அங்கே மானம் கடனாகாமல் சொத்தாக மாறியது. இந்த ஒரு நிகழ்வைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு முழு வாரம் சொல்லித்தர வேண்டும்.

வெட்கமும் நம்பிக்கையும் ஒரே வீட்டில் இருப்பதை மோசடிக்காரர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 2017-ல் பினாங்கில் ஒரு பணத்திட்டம் உடைந்து நாடே பேசியது. மாதம் 20 விழுக்காடு லாபம் தருவதாகச் சொன்ன ஜேஜேபிடிஆர். ஏழையில் இருந்து பணக்காரன் என்பதுதான் அந்தப் பெயரின் பின்பாதி. நாட்டின் மத்திய வங்கியான வங்கி நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அது இருந்தது. பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது. ஆனால் பட்டியலைப் பார்த்து யார் முதலீடு செய்கிறார்கள்? அத்தை மகன் சொல்லித்தான் செய்கிறார்கள். கங்காணி முறைபோலவேதான். இப்படி வேறொரு திட்டத்தில் சேமிப்பை விட்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும். அது கவிழ்ந்த பிறகும் மாதக்கணக்கில் "வரும், வரும், சிஸ்டத்தில்தான் கோளாறு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காவல்துறையில் புகார் கொடுக்கச் சொன்னால் முகம் மாறிவிடும். புகார் கொடுத்தால் போனது போனதுதான் என்று ஆகிவிடுமே.

உளவியல் அறிஞர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் பேசுகிறது. நூறு வெள்ளி கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு வெள்ளி போகிற வலி பெரிது. அந்த வலியை ஏற்காமல் தள்ளிப்போட மனிதன் இன்னும் பெரிய ஆபத்தில் இறங்குவான். ஆனால் மாமாவின் வலியில் காசைத் தாண்டிய ஒரு பகுதி இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு அவருடைய கொழுந்தியாள் சேர்ந்திருந்தார், கோவில் நண்பர் சேர்ந்திருந்தார். இனி அவர்கள் வீட்டுப் படி எப்படி ஏறுவது? அந்தத் தைப்பூசத்துக்கு அவர் வெளியே வரவே இல்லை.

தைப்பூசம் என்றதும் தேங்காய் ஞாபகம் வருகிறது. ரதம் வருகிற வழியெல்லாம் சாலையோரம் மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். தமிழர்கள் மட்டுமா, சீன வியாபாரிகளும் நேர்த்திக்கடன் வைத்துக் குவிப்பார்கள். ரதம் நெருங்கும்போது ஆளாளுக்குக் கையில் எடுத்து ஓங்கி ஓங்கி உடைப்பார்கள். சிரட்டையும் தண்ணியும் தெறித்துச் சாலை வழுக்கும், பின்னால் மண்வாரி வண்டி வந்து அள்ளும். போன வருசம் வியாபாரம் நன்றாக நடந்தது என்கிற நன்றி அதில் இருக்கிறது. அந்த நன்றி உண்மையானது, சந்தேகமில்லை. அடுத்த குவியல் தன் குவியலைவிடப் பெரிதா என்ற பார்வையும் அதே கண்ணில் இருக்கிறது.

இந்தத் தேங்காய்களைக் குறையுங்கள், வீணாக்காதீர்கள் என்று வருசா வருசம் கேட்டுக்கொள்கிற குரல் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் குரல். 1969-ல் தொடங்கிய சங்கம் அது. அரை நூற்றாண்டு அதை வழிநடத்தியவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019-ல் காலமானார். வெள்ளை உடையும் தொப்பியுமாக அவர் மேடையேறினால் தமிழில் நேராகப் பேசுவார். சீனியைக் குறை, பிளாஸ்டிக்கை விடு, விளம்பரத்தை நம்பாதே, தேவை வேறு ஆசை வேறு. இந்த ஊர் தந்த பெரிய மனிதர்களில் ஒருவராக அவரை நினைக்கிறேன். விளம்பரம் முதலில் நம்மிடம் ஒரு குறையை உண்டாக்கி, பிறகு மருந்தை விற்கிறது என்று சாதாரணச் சனங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னவர் அவர்.

ஆனாலும் ஓரிடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தேவையையும் ஆசையையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. அக்காவிடம் போய் இருபத்தொன்றாம் பிறந்தநாள் உன் தேவை இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஸ்மித்தே லினன் சட்டையை அத்தியாவசியத்தில் சேர்த்துவிட்டாரே. சட்டை இல்லாதவனைப் பார்த்து ஊர் சிரிக்கிறவரை, சட்டை வாங்காதே என்று அவனுக்குப் புத்தி சொல்வது அவனைத் தனியாக அவமானத்தில் நிறுத்துவதாகத்தான் முடியும். சிக்கனத்தை ஒரே ஒரு வீடு தொடங்கினால் அதற்குப் பெயர் கஞ்சத்தனம், அல்லது இல்லாமை. எல்லாரும் சேர்ந்து தொடங்கினால் அது வழக்கம்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டுவேன். அரசு கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளி கட்டி, எண் வாங்கி, நாற்காலியில் உட்கார்கிறார்கள். என் பக்கத்தில் தொழிற்சாலை மேலாளர் இருப்பார், அந்தப் பக்கம் துப்புரவுப் பணியாளர் இருப்பார். இரண்டு பேருக்கும் அதே பஞ்சு, அதே ஊசி, அதே இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அங்கே உட்காரும்போது யாரும் யாரையும் அளப்பதை நான் பார்த்ததில்லை. இன்னொன்று பள்ளிச் சீருடை. எங்கள் காலத்தில் வெள்ளைச் சப்பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்புப் பூச்சு பூசி வாசலில் காயவைப்போம். டாக்டர் மகளுக்கும் அதே பூச்சு. இப்போது கறுப்புச் சப்பாத்து, பூச்சு வேலையும் இல்லை. ஸ்மித் சொன்ன சட்டையை எல்லாருக்கும் ஒரே மாதிரி தைத்துக் கொடுத்தால் வெட்கம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று நாம் பிள்ளைகளிடம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். பெரியவர்களானதும் அது முடியாது என்று நம்பவைத்தவர்கள் யார்?

எங்கள் வட்டாரக் கோவில் நிர்வாகத்தில் இப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கோவில் மண்டபத்திலேயே கல்யாணம், பிறந்தநாள், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஒரே அலங்காரம், ஒரே இலைச் சாப்பாடு, ஒரே கட்டணம். சமையலுக்கு ஊர்ப் பெண்கள் குழு, கூலி உண்டு. பின்திரையும் பலூன் வளைவும் யாருக்கும் கிடையாது. கூட்டத்தில் பலர் ஆதரித்தார்கள். ஒரு தம்பி எழுந்து, "நல்ல விஷயம், முடியாதவங்களுக்கு உதவியா இருக்கும்" என்றான். நான் உடனே எழுந்து மறுத்தேன். முடியாதவர்களுக்கு என்று ஆரம்பித்தால் முதல் மாதத்திலேயே அது ஏழை மண்டபம் என்று பெயர் வாங்கிவிடும். பிறகு அக்கா மாதிரி ஒருவர்கூட அங்கே வர மாட்டார், அட்டிகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குத்தான் போவார். முதல் கல்யாணம் வசதி உள்ள வீட்டுக் கல்யாணமாக இருக்க வேண்டும், முடிந்தால் முதல் மூன்றும். வாசலில் பெரிய கார்கள் நிற்க வேண்டும், உள்ளே அதே இலை விழ வேண்டும்.

லாரி கம்பெனி வைத்திருக்கிற ஓர் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வருகிற ஆவணியில் தன் மகன் கல்யாணத்தை அங்கேயே வைக்கத் தயார் என்று கை தூக்கினார். கூட்டம் கை தட்டியது. அண்ணி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுகிறார். அது நியாயமான கவலை. அவரிடம் பேச வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேர் போகிறோம். சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்துப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.